பிரிட்ஜுக்கு லீவு விட்டவர்

செந்தூர்பாண்டி கையில் குங்குமக் கிண்ணத்தைக் கொடுத்தால் போதும், கண்ணில் பட்டதற்கெல்லாம் பொட்டு வைத்துவிடுவார். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் அவர் அட்டெண்டர். ஆயுத பூஜைக்கு முந்தின சாயங்காலம் அந்தத் துறைக்குள் அசையாமல் நின்ற எதுவும் பொட்டு வாங்காமல் தப்பியதில்லை. நுண்ணோக்கிக்குப் பொட்டு. தராசுக்குப் பொட்டு. உத்தரத்துக் கொக்கியில் தொங்கிய எலும்புக்கூட்டுக்கு நெற்றி நிறைய விபூதியும் நடுவில் பொட்டும். துறைத்தலைவர் அம்மையப்பன் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தபோது அவருக்கும் வைத்துவிட்டதாக மாணவர்கள் சொல்வார்கள். அது பொய். அம்மையப்பன் தூங்கவில்லை, கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தார். பொட்டு வைத்தது மட்டும் உண்மை.

பொட்டோடு விட்டால் பரவாயில்லை. வருஷம் பூராவும் நமக்கு உழைக்கிற பொருளுக்கு அன்றைக்காவது லீவு விட வேண்டும் என்பது செந்தூர்பாண்டியின் கட்சி. பூஜை முடிந்ததும் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்குவார். சுவர்க் கடிகாரத்தின் பாட்டரியைக்கூடக் கழற்றிவிடுவார். விஜயதசமி காலையில் வந்து மறுபூஜை போட்டு, தேங்காய் உடைத்து, எல்லாவற்றையும் எழுப்பிவிடுவார். இடையில் விலங்கியல் துறைக்கு மணியே ஆகாது. இத்தனை வருஷமாக இதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. பிரிட்ஜுக்குள் இருந்ததெல்லாம் அறுப்பதற்கு வைத்த தவளைகளும் அம்மையப்பனின் சோடா பாட்டில்களும்தான்.

தொண்ணூற்றேழாம் வருஷம் அந்தப் பிரிட்ஜுக்குள் வேறொன்று குடிவந்தது.

கொண்டுவந்தவர் அனுராதா. அதே துறையில் பாடம் எடுப்பவர், டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி விடுப்பில் இருந்தார். டெல்லியில் ஓர் ஆய்வகத்துக்கு மாதக்கணக்காக எழுதிக் கேட்டு, உறைபனிப் பெட்டியில் வரவழைத்த விரல் நுனி அளவுக் குழாய் அது. அதைப் பிரிட்ஜின் பனிப்பெட்டிக்குள் வைத்து, பிரிட்ஜைப் பூட்டி, சாவியைச் செந்தூர்பாண்டியிடம் நீட்டினார். துறையே திகைத்தது. செந்தூர்பாண்டி தொட்டால் கண்ணாடி தானாக உடையும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அவரிடம் ஒரு டம்ளரைக்கூட நம்பிக் கொடுக்க மாட்டார்கள்.

"வள்ளியும் தெய்வானையும் உங்க கையில மட்டுந்தான் புல்லு திங்குது. அதுக நம்புதுன்னா நானும் நம்புதேன் அண்ணாச்சி" என்றார் அனுராதா.

வள்ளியும் தெய்வானையும் ஆராய்ச்சிக்கு வாங்கிய வெள்ளை முயல்கள். செந்தூர் முருகனின் பெயரைச் சுமப்பவர் வேறு என்ன பெயர் வைப்பார்?

சாவியை அவர் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். நாற்பத்தைந்து வருஷத்தில் அவரை நம்பி ஒருவர் கொடுத்த முதல் சாவி. பிரிட்ஜைத் திறக்க வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று வேட்டியை நெகிழ்த்தி எடுக்க வேண்டும். அந்தச் சிரமத்தை அவர் ரொம்பவும் ரசித்தார்.

குழாயில் இருப்பது என்ன என்றும் அனுராதா விளக்கமாகத்தான் சொன்னார். "மனுசனோட விந்தணு இருக்குல்லா அண்ணாச்சி, அதோட தலையில ஒரு புரதம் உண்டு. அதுதான் கருமுட்டையோட கதவைத் தட்டுறது. அதை முயலுக்கு ஊசியாப் போட்டா, முயல் ரத்தத்துல அதைப் பிடிக்கிற ஒரு பொருள் ஊறும். அதை வச்சு அந்தக் கதவு எப்படித் திறக்குது, சில பேருக்கு ஏன் திறக்க மாட்டேங்குதுன்னு பாக்கலாம். இது டெல்லியிலேர்ந்து வந்தது."

செந்தூர்பாண்டியின் காதுகள் 'மனுசனோட' என்பதற்கு அடுத்த சொல்லிலேயே சிவந்து அடைத்துக்கொண்டன. ஒரு பெண்பிள்ளை வாயிலிருந்து இப்படியா என்று மின்விசிறியைப் பார்த்தபடி நின்றார். மறுபடி காது திறந்தபோது விழுந்தது 'டெல்லி' மட்டும்தான். இரண்டையும் கூட்டிக் கணக்குப் போட்டு முடித்தார். டெல்லியில் யாரோ ஒரு மகராசன் ஆராய்ச்சிக்காகத் தானம் பண்ணியிருக்கிறான்.

நாளாக ஆக அந்த ஆளுக்கு உருவமும் வந்துவிட்டது. மீசை, ஸ்வெட்டர், சர்க்கார் உத்தியோகம். காலையில் பிரிட்ஜைத் திறந்ததும் செந்தூர்பாண்டி பனிப்பெட்டியைப் பார்த்து மரியாதையாக விசாரிப்பார்.

"வணக்கம் சார். குளிரு ஒத்துக்கிடுதா?"

முயல்களுக்கு இரண்டு ஊசி ஆகிவிட்டது. மூன்றாவது, ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வருகிற புதன்கிழமை. அதற்கான மருந்துதான் குழாயில் மிச்சம். அடுத்த மாதம் அனுராதாவின் விடுப்பும் முடிகிறது. அந்த ஊசி தவறினால் முதலிலிருந்து தொடங்க நாளும் கிடையாது, முயல்களும் கிடையாது. பட்டத்தை மறந்துவிட்டுத் தவளை அறுக்கச் சொல்லிக் கொடுக்கப் போக வேண்டியதுதான். இதெல்லாம் செந்தூர்பாண்டிக்கு நன்றாகவே தெரியும்.

தெரிந்தும் வியாழன் சாயங்காலம் பூஜை முடிந்து பிரிட்ஜுக்கு முன்னால் வந்து நின்றார். மாலை போட்டாயிற்று, பொட்டும் வைத்தாயிற்று. உள்ளே ஒருத்தர் இருக்கிறாரே என்று யோசிக்கத்தான் செய்தார். ஆனால் இந்தத் துறையிலேயே ராத்திரி பகல் பாராமல் உழைக்கிற ஜீவன் இது ஒன்றுதான். ஊருக்கெல்லாம் லீவு விட்டுவிட்டு இதை மட்டும் ஓடு என்று சொல்வது நியாயமா? கதவைத் திறந்தால்தானே குளிர் வெளியே போகும்? பூட்டியே கிடந்தால் எங்கே போகும்?

"ரெண்டு நாள் காலை நீட்டி ஒறங்கு" என்று முதுகில் தட்டிக்கொடுத்து பிளக்கைப் பிடுங்கினார்.

சனிக்கிழமை காலையில் மறுபூஜைக்கு வந்து பார்த்தால், பிரிட்ஜுக்கு அடியில் சின்னதாக ஒரு தெப்பக்குளம். அதில் செவ்வந்தி இதழ்கள் மிதந்துகொண்டிருந்தன. பனிப்பெட்டியில் பனியும் இல்லை, குளிரும் இல்லை. குழாய் அவருடைய உள்ளங்கைச் சூட்டுக்கு வந்திருந்தது.

தண்ணீரைத் துடைத்தார். கெட்டுப்போனதாகத் தெரிந்ததையெல்லாம் வாரிக் குப்பைத்தொட்டியில் போட்டார். குழாயைத் திரும்பப் பனிப்பெட்டியில் வைத்து, பிளக்கைச் செருகிவிட்டு, கல்லூரிக்கு எதிரே இருந்த நூர்முகம்மதின் டீக்கடைக்குப் போய் விழுந்தார்.

"என்ன வே, மொகம் இப்படி வெளுத்துக் கிடக்கு?" என்றார் நூர்முகம்மது, ஆற்றிக்கொண்டிருந்த டீயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பாய், ஒரு ஆளைக் கொன்னுட்டேன்."

டீ அந்தரத்தில் நின்றது. "எந்த ஆளை?"

"டெல்லிக்காரரு."

"எப்பம்?"

"முந்தாநாள் சாயங்காலம். பிரிட்ஜுக்குள்ள வச்சு."

நூர்முகம்மது, பெஞ்சிலிருந்த இரண்டு பேரையும் காசுகூட வாங்காமல் அனுப்பிவைத்தார். பிறகுதான் செந்தூர்பாண்டி முழுக்கதையையும் சொன்னார். முழு ஆள் இல்லை, ஒரு குழாய் அளவு ஆள்தான் என்று தெரிந்ததும் நூர்முகம்மதுக்கு மூச்சு வந்தது.

"அந்த டெல்லிக்காரன்கிட்டயே இன்னொருக்கக் கேட்டா என்ன?"

"முன்னப் பின்னத் தெரியாத மனுசன்கிட்டப் போயி எப்படி வே கேக்க?"

"அப்பம் உள்ளூர்ல யாராச்சும்…"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்தார்கள்.

"என்னைப் பாக்காத வே. எனக்குச் சர்க்கரை" என்றார் நூர்முகம்மது.

"ஒம்மளக் கேக்கல. கெடுத்தவன் நானு. ஈடு கட்ட வேண்டியவனும் நாந்தான்."

"ஒனக்கு நாலும் பொட்டப்பிள்ளைலா. ஆராய்ச்சிக்கு ஆகுமா?"

"அதைத்தான் நானும் யோசிக்கேன்."

அவர் வீட்டுக்குப் போய்க் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, தச்சநல்லூர் பஸ்ஸில் ஏறினார். அனுராதாவின் வீடு அங்கேதான். கதவைத் திறந்தது அம்மா ஞானம்பாள். மகளுக்கு மாப்பிள்ளை தேடி ஜாதகம் அனுப்பி அனுப்பிக் கை ஓய்ந்தவர். உட்காரச் சொல்லி ஒரு தட்டு சுண்டல் கொடுத்தார். அனுராதா வந்து நின்றார். அம்மா உள்ளே போவார் என்று செந்தூர்பாண்டி காத்திருந்தார். அம்மா போவதாக இல்லை.

"மேடம்… அந்த டெல்லிக்காரரு விசயமா வந்தேன்" என்று மெல்லத் தொடங்கினார்.

ஞானம்பாள் நிமிர்ந்தார். "டெல்லியா? என்ன வேலை பாக்காரு?"

"தெரியாதும்மா. நான் ஆளைப் பாத்ததில்ல."

"பாக்காமலேயா பேச வந்தீரு? ஆளு எப்படியாம்?"

செந்தூர்பாண்டி சுண்டல் தட்டைக் கீழே வைத்தார். "நல்லாத்தாம்மா இருந்தாரு. முந்தாநாள்லேர்ந்து கெட்டுப்போயிட்டாரு."

"அப்பம் நமக்கு வேண்டாம்" என்று முடிவாகச் சொல்லிவிட்டு ஞானம்பாள் அடுக்களைக்குப் போனார்.

மிச்சத்தைச் செந்தூர்பாண்டி மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். அனுராதா நாற்காலியில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை. செந்தூர்பாண்டி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து, சுண்டல் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்த பிறகும் போகாமல் நின்றார்.

"ஈடு குடுக்கலாம்னு வந்தேன் மேடம். நூர்முகம்மதுக்குச் சர்க்கரையாம். அதனால நானே… வீட்டுல இன்னும் கேக்கல. கேட்டா ஒத்துக்கிடுவா. நல்ல காரியந்தானே."

அனுராதாவுக்கு ஒரு நிமிஷம் எதுவும் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலி தாங்கவில்லை. எழுந்து வாசல் நிலையில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார். மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு அழுகை என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

"அண்ணாச்சி, டெல்லியில அப்படி ஒரு ஆளே கிடையாது."

"ஆளில்லாம எப்படி மேடம்?"

"மனுசன்கிட்டேர்ந்து எடுத்தது செய்முறை மட்டுந்தான். இன்னது இன்னது சேத்தா இந்தப் புரதம் வரும்னு ஒரு சமையல் குறிப்பு மாதிரி. அதை ஒரு பாக்டீரியாவுக்குள்ள சொருகி வச்சிருக்கு. தீனி போட்டு வளத்தா அது பாட்டுக்குச் செஞ்சு குவிக்கும்."

"ஆம்பளைச் சமாச்சாரத்தை ஆம்பளையே இல்லாமலா?"

"இல்லாமத்தான்."

செந்தூர்பாண்டிக்கு நிம்மதியைவிடத் துக்கம்தான் முதலில் வந்தது. அந்த மீசையும் ஸ்வெட்டரும் அப்படியே கரைந்து போயின. "அப்பம் இம்புட்டு நாளும் நான் யாருக்கு வே வணக்கம் சொன்னேன்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

அனுராதா சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "அண்ணாச்சி, அந்தப் பாக்டீரியாவையும் டெல்லியிலேர்ந்து அனுப்பியிருந்தாங்க. கீழ்த் தட்டுல, மூடி ஒட்டின வட்டக் கிண்ணம். அது இருக்கா?"

"மேல புள்ளி புள்ளியாப் பூத்துக் கிடந்துச்சே, அதா?"

"அதேதான். அது பூஞ்சை இல்ல. அதுக கூட்டம் கூட்டமா இருக்கிறது அப்படித்தான் தெரியும். அது சூட்டுல சாகாது. எங்க இருக்கு?"

"குப்பைத்தொட்டியில."

ஞானம்பாள் காப்பியோடு வந்து பார்த்தபோது இரண்டு பேரும் தெருமுனையில் ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்கள். கெட்டுப்போன டெல்லிக்காரனுக்காகவா இந்த ஓட்டம் என்று அவர் நினைத்திருந்தால் தப்புச் சொல்ல முடியாது.

விடுமுறையானதால் குப்பை அள்ளுகிறவர் வரவில்லை. உரித்த தேங்காய் நாருக்கும் வாடிய செவ்வந்திக்கும் நடுவில் கிண்ணம் மூடி கழலாமல் கிடந்தது. அனுராதா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "வேற கிருமி வளர முடியாதபடி இதோட தீனியில மருந்து கலந்திருக்கு. அதைத் தாங்குற சக்தி இதுகளுக்கு மட்டுந்தான். இருக்கும் அண்ணாச்சி" என்றார். அந்த 'இருக்கும்' கொஞ்சம் நடுங்கியது.

அன்று சாயங்காலமே அதிலிருந்து ஒரு புள்ளியைக் கம்பியால் தொட்டு, சின்னக் குழாயில் வைத்த தீனிக் கரைசலில் விட்டார். ஞாயிறு காலையில் கரைசல் கழுநீர் மாதிரி கலங்கி நின்றது. அனுராதா அதைக் கையில் வைத்துக்கொண்டு முயல் கூண்டு வரைக்கும் குதித்துப் போய்த் திரும்பினார். கரைசல் கலங்கினால் பாக்டீரியாக்கள் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். அதைப் பெரிய குடுவையில் ஊற்றிக் குலுக்கும் மிஷினில் வைத்தார். உடம்புச் சூடும் ஓயாத ஆட்டமும் இருந்தால்தான் அவை வேகமாகப் பெருகும்.

நண்பகலில் மழை பிடித்தது. முதல் இடியிலேயே கரண்ட் போனது. மிஷின் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது.

"இப்ப நின்னுபோச்சுன்னா புதனுக்குள்ள ஆகாது" என்று அனுராதா நாற்காலியில் சரிந்தார். செந்தூர்பாண்டி குடுவையைக் கையில் எடுத்து ஆட்டத் தொடங்கினார். அவர் கையில் கண்ணாடியைப் பார்த்ததும் அனுராதா மறுபடி எழுந்து நின்றார்.

அந்த நேரம் பார்த்துக் குடையும் தூக்குவாளியுமாக உள்ளே வந்தாள் சுடலைவடிவு, செந்தூர்பாண்டியின் மனைவி. நூர்முகம்மது அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஈடு கட்டப் போனீங்களாமே. கட்டியாச்சா?"

"ஏட்டி, சும்மா இரி. இது வேற விசயம். இதைச் சூடு ஆறாம ஆட்டிக்கிட்டே இருக்கணும்."

சுடலைவடிவு குடுவையைப் பார்த்தாள். கணவனின் கையைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தாள். "கொக்கியில தொங்குதவரைக் கொஞ்சம் எறக்குங்க" என்றாள்.

எலும்புக்கூட்டை இறக்கி அம்மையப்பனின் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். முயல் கூண்டுக்கு மேல் மூடியிருந்த அவளுடைய பழைய நூல்சேலையை உதறிக் கொக்கியில் மாட்டி முடிச்சிட்டாள். தொட்டில். நூர்முகம்மது பாய்லர் வெந்நீரைச் சோடா பாட்டில்களில் நிறைத்து, வாளியில் வைத்து மழையில் தூக்கிக்கொண்டு வந்தார். பாட்டில்களைச் சுற்றி அடுக்கி, நடுவில் வாயைப் பஞ்சால் அடைத்த குடுவையைக் கிடத்தினார்கள். அனுராதா வெப்பமானியைச் செருகிப் பார்த்து, ஒரு பாட்டிலை எடுக்கச் சொன்னார். பிறகு தலையாட்டினார்.

ஆட்டுவதில் செந்தூர்பாண்டியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நாலு பிள்ளைகளையும் ஆட்டி வளர்த்த கை அது. ஒரு கையால் சேலையைச் சுண்டிவிட்டு இன்னொரு கையால் சோறு சாப்பிட்டார். தொட்டிலின் ஒவ்வொரு போக்குவரத்துக்கும் வள்ளியும் தெய்வானையும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன. கொஞ்ச நேரத்தில் அவருக்கே தெரியாமல் தொண்டையிலிருந்து ஒரு ராராரோ கிளம்பியது.

"நாலு பொண்ணுக்குப் பொறவு இப்பத்தான் நம்ம சேலையில ஒரு ஆம்பளைச் சமாச்சாரம் கிடக்கு" என்றாள் சுடலைவடிவு.

"பாக்குறதுக்கு யாரை மாதிரி இருக்கு?" என்று குனிந்து பார்த்தார் நூர்முகம்மது.

"கழுநீரு மாதிரி இருக்கு."

"அப்பம் ஒங்க வீட்டுக்காரரு ஜாடைதான்."

அனுராதாவால் நிற்க முடியவில்லை. எலும்புக்கூட்டின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கரைசல் போதுமான அளவு கலங்கியதும், புரதம் செய்யத் தூண்டுகிற மருந்தைச் சொட்டாக விட்டார். அதற்கப்புறமும் ஆட்டம் தொடர்ந்தது. பொழுது சாயும்போது கரண்ட் வந்தது. செந்தூர்பாண்டிக்குக் கையை நிறுத்த மனசில்லை. மிஷின் தன்பாட்டுக்குக் குலுங்குவதைப் பார்த்து, "அதுக்கு என்ன தெரியும், பைய ஆட்டணும்னு" என்று குறைப்பட்டார்.

திங்களும் செவ்வாயும் அனுராதா அந்தக் கிருமிகளை உடைத்து, வடிகட்டி, வேண்டியதை மட்டும் பிரித்தெடுத்தார். கெட்டுப்போன பழைய குழாயையும் புதியதையும் புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஒரு கூழ்ப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு நீலச் சாயம் ஏற்றினார். பழையது கோலத்தில் மழை விழுந்தது போலக் கலைந்து கிடந்தது. புதியதில், இருக்க வேண்டிய இடத்தில், ஒற்றை நீலக் கோடு.

"இதுதானா மேடம்?" செந்தூர்பாண்டி வெகுநேரம் பார்த்தார். மீசை, ஸ்வெட்டர் எதுவும் இல்லை. ஆனாலும் கைகூப்பி ஒரு வணக்கம் வைத்தார். பழக்கம்.

புதன்கிழமை காலையில் வள்ளியையும் தெய்வானையையும் அவர்தான் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். ஊசி முடிந்ததும் அனுராதா மேசை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"இனிமே இடுப்புல கட்டாதீங்க அண்ணாச்சி. ஒவ்வொரு தடவையும் நீங்க செவத்தைப் பாத்துத் திரும்பினா நானும் இங்கன திரும்பி நிக்க வேண்டியிருக்கு."

பேசினால் செந்தூர்பாண்டியின் குரல் உடைந்துவிடும் போலிருந்தது. அவர் தொட்டு உடையாமல் இருந்தவை ஏற்கெனவே கொஞ்சம்தான். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, அரைஞாணில்தான் கட்டினார்.

அடுத்த வருஷ ஆயுத பூஜைக்கு அனுராதாவின் ஆய்வேடு கட்டி முடிந்து அச்சகத்திலிருந்து வந்திருந்தது. அதற்கும் பொட்டு. நுண்ணோக்கிகளுக்கும் தராசுக்கும் எலும்புக்கூட்டுக்கும் வழக்கம்போல லீவு. கடிகாரமும் நின்றது. பிரிட்ஜ் மட்டும் மாலையும் கழுத்துமாக முனகிக்கொண்டிருந்தது. "ஒனக்குத் தை மாசத்துல பாத்துக்கிடலாம்" என்று அதனிடம் சொல்லிவைத்திருந்தார்.

அம்மையப்பன் பூஜைக்கு வந்து வரிசையைப் பார்த்தார். குலுக்கும் மிஷினுக்கு அடுத்தாற்போல ஒரு பழைய நூல்சேலை, மடித்து வைத்து, சந்தனம் தெளித்து, முந்தியில் பொட்டும் வைத்திருந்தது.

"என்ன வே இது? ஆயுதத்துக்கு நடுவுல சேலை?"

"அதுவும் குலுக்குற மிஷின்தான் சார். கரண்ட் இல்லாத நேரத்துக்கு" என்றார் செந்தூர்பாண்டி. அம்மையப்பன் அடுத்த கேள்வியை யோசித்துக் கண்ணை மூடிய நேரத்தில், அவர் நெற்றியிலும் ஒன்று வைத்துவிட்டு நகர்ந்தார்.